நான் விழுங்கிய கேள்வி

நம் மொழிபெயர்ப்பாளர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். முப்பது வருடம் இந்தத் தொழிலில் வாயைத் தேய்த்தவள் நான். நல்ல வார்த்தைக்கு என்னிடம் பஞ்சமில்லை. ஆனால் அவற்றையெல்லாம் உங்கள் பயிற்சி வகுப்பிலேயே பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள்: நடுநிலை, இரகசியம் காத்தல், சொன்னதைச் சொன்னபடி சொல்லுதல். நீங்களும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருப்பீர்கள். அந்த மூன்றாவதை நான் தவறுதலாக மீறியது எத்தனையோ முறை. அதற்கெல்லாம் நான் தூக்கம் கெட்டதில்லை. தெரிந்தே மீறியது ஒரே ஒரு முறை. அதைத்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் வரட்டும், எனக்கே இன்னும் போகவில்லை.

நான் காரைக்காலில் பிறந்தவள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த கணவரோடு எழுபதுகளில் பாரிஸ் வந்தேன். பிரெஞ்சுக் குடியுரிமையும் ஓட்டும் எங்கள் குடும்பத்துக்கு ஊரிலேயே கிடைத்துவிட்டவை. அதற்காக நான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போட்டதில்லை. எண்பத்து மூன்றுக்குப் பிறகு பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் மன்னார்ப் பிள்ளைகளும் வந்து இறங்க ஆரம்பித்தபோது, அகதிகளுக்கு உதவும் ஒரு சின்ன நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அவர்களுடைய தமிழ் எனக்கு முதல் ஒரு மாதம் பாதிதான் பிடிபட்டது. என் தமிழைக் கேட்டு அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இருந்தாலும் வயதுக்கு மூத்தவர்கள்கூட என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் பிரெஞ்சு தெரிந்த வாய்க்கு அவ்வளவு மரியாதை.

மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் இருந்தார். பிரெஞ்சுக்காரர், ஐம்பதை நெருங்குபவர். வாரத்தில் இரண்டு நாள் மத்தியானம் எங்கள் ஆட்களைப் பார்ப்பார், நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பேன். குளிர்காலத்தில் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைப்பதற்கு முன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குவார். அவரைக் கெட்டவர் என்று எழுதினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அவர் கெட்டவர் இல்லை.

அந்த டாக்டரிடம் எங்கள் ஆட்கள் தேடி வந்தது மருந்துக்கு மட்டும் இல்லை. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் மேல்முறையீட்டுக்குப் போகும்போது, உடம்பில் இருக்கும் தழும்புகள் அடியாலும் சூட்டாலும் வந்தவை என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அதற்கு ஒரு கனம் இருந்தது. கையில் வேறு ஆதாரம் ஏது? இராணுவம் அடித்துவிட்டு ரசீதா கொடுத்தது? அந்தக் காகிதத்தை எல்லோரும் 'டொக்டர் கடிதம்' என்றார்கள். அதை வைத்து அகதியாக ஏற்கப்பட்டவர்கள் பலர் என் கண்ணெதிரே நடமாடினார்கள்.

யேசுதாசன் அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தவர். மன்னார் பேசாலைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்டாலின்கிராட் மெட்ரோ பக்கம் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் ஊரில். ஏற்கப்பட்டால் அவர்களை முறைப்படி கூப்பிடலாம், நிராகரித்தால் அவரே நாட்டைவிட்டுப் போக வேண்டும். டாக்டர் அவர் முதுகைப் பார்த்த அன்று நான்தான் கூட இருந்தேன். சின்ன அளவுகோலை வைத்து ஒவ்வொரு தழும்பாக அளந்து, ஓர் அட்டையில் குறித்துக்கொண்டார். எதனால் அடித்தார்கள், எத்தனை நாள் என்று கேட்டதையும் சொன்னதையும் நான் ஒன்று விடாமல் மாற்றிக் கொடுத்தேன். அன்று நான் நல்ல மொழிபெயர்ப்பாளர். அடுத்த வாரம் தட்டச்சு செய்து தருவதாக டாக்டர் சொன்னார்.

அடுத்த வாரம் தேர்தல் வந்து குறுக்கே நின்றது.

அந்த வருடம்தான் பிராந்திய மன்றத்துக்கு மக்கள் முதன்முறையாக நேரடியாக வாக்களிக்கப் போகிறார்கள். கட்சிகள் பட்டியல் போடும். பட்டியலில் மேலே இருப்பவர் ஜெயிப்பார், கீழே இருப்பவர் சுவரொட்டியில் இருப்பார், அவ்வளவுதான். டாக்டருக்கு மேலே ஓர் இடம் வேண்டும். அதற்கு முதலில் அவருடைய கட்சியின் வட்டாரக் கிளையில் உறுப்பினர்கள் வாக்களித்து, எங்கள் ஆள் இவர்தான் என்று அனுப்ப வேண்டும். எதிர்த்து நின்றவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியை, அதே கட்சியில் இருபது வருடமாக இருப்பவர்.

டாக்டர் இளவயதில் அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்தில் படித்தவர். அங்கே ஆளுநர் தேர்தலுக்கு முன்னால் கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் நடக்குமாம். அதுவரை கட்சிப் பக்கமே தலைகாட்டாதவர்களைக் கூட்டிவந்து பதிவு செய்தவர்தான் அதில் ஜெயித்ததைக் கண்ணால் பார்த்தாராம். எனக்கு அதை இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டார். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. அவருடைய கட்சியில் உறுப்பினராகக் குடியுரிமை தேவையில்லை. பிராந்தியத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாத எங்கள் ஆட்கள், ஆளைத் தேர்ந்தெடுக்கும் இந்த முதல் தேர்தலில் ஓட்டுப் போடலாம்.

மளிகைக் கடை சிவம் அண்ணை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் கடையில் முருங்கைக்காய் வந்திருக்கிறது என்றால் பாரிஸுக்கு வெளியே பொண்டி புறநகரிலிருந்துகூட ஆள் வரும். உறுப்பினர் அட்டைகளை மிளகாய்த்தூள் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கினார். நாங்கள் ஒரு பக்கமாக நின்றால்தான் இந்த ஊரில் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவர் வாதம். அதில் தப்பும் இல்லை. நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். ஊரில் தேர்தலைப் புறக்கணித்துவிட்டு வந்த பிள்ளைகள்கூடக் கையெழுத்துப் போட்டார்கள். துண்டறிக்கையைத் தமிழில் எழுதிக் கொடுத்தது நான்.

தலைமையாசிரியையும் ஒரு நாள் கடைக்கு வந்தார். நான் மொழிபெயர்த்தேன். அகதி விஷயத்தில் தன்னால் எந்த வாக்குறுதியும் தர முடியாது, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் மட்டும் தன்னிடம் வரலாம் என்றார். அங்கே நின்றவர்களில் பிள்ளைகளோடு இருந்தவர் ஒருவரோ இருவரோதான். அவர் போனபிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கிளைத் தேர்தல் ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து ஆட்கள் வரும் நேரம் பார்த்து, ஓர் உணவகத்தின் பின்கூடத்தில் கூட்டம் வைத்தோம். முன்வரிசையில் கட்சிக் கிளையின் செயலாளர் வந்து உட்கார்ந்திருந்தார். இந்த நாற்பது பேர் எங்கிருந்து முளைத்தார்கள் என்று பார்க்க வந்திருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. தலைமையாசிரியைக்கு வேண்டியவர் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். கூட்டம் தொடங்குவதற்கு முன் சிவம் அண்ணை என்னிடம் வந்து, கேள்விகளை நாலோடு நிறுத்திவிடச் சொன்னார்.

டாக்டர் நன்றாகப் பேசினார். அதை நான் அவரைவிட நன்றாகவே தமிழில் பேசினேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. கை தட்டினார்கள். மூன்று கேள்விகள் வந்தன, மூன்றும் சிவம் அண்ணை முன்கூட்டியே சொல்லி வைத்தவை. நாலாவது கேள்வி கூடத்தின் கடைசியிலிருந்து வந்தது. யேசுதாசன் இரண்டு வேலைக்கு நடுவில் ஓடி வந்திருக்கிறார், மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. என்னைப் பார்க்காமல் டாக்டரை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"டொக்டர், நீங்கள் என்ரை முதுகைப் பாத்து எழுதிவைச்சு ரெண்டு மாசமாப் போச்சு. கேக்கிற நேரமெல்லாம் தேர்தல் முடியட்டும் எண்டுறியள். எனக்கு வாற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி வழக்கு. கடிதம் இல்லாமப் போனா என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். நான் உங்களுக்குத்தான் வோட்டுப் போடுவன். ஆனா நீங்கள் தோத்தாலும் அந்தக் கடிதத்தை எழுதித் தருவியளோ?"

அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் மனதில் அதே கேள்விதான் இருந்தது, கேட்கத்தான் வாய் வரவில்லை. சிவம் அண்ணை என்னைப் பார்த்தார். டாக்டர் புருவத்தை உயர்த்திக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். செயலாளர் பேனாவை எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் தெரியுமா? ஒரு மூச்சு இழுக்கிற நேரம். அதற்குள் நான் என்னென்ன யோசித்தேன் என்பதை இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். இதை அப்படியே பிரெஞ்சில் சொன்னால் ஓட்டுக்குக் கடிதம் என்று செயலாளர் எழுதிக்கொள்வார். டாக்டர் அதோடு காலி. அவர் மட்டுமா? அவர் இதுவரை எழுதிக் கொடுத்த, இனி எழுதப்போகும் எல்லாக் கடிதங்களின்மேலும் சந்தேகம் விழும். ஒரு மனிதனுடைய அவசரத்துக்காக நாற்பது பேர் தலையில் மண்ணைப் போடுவதா? இப்படியெல்லாம் யோசித்தேன். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். இதோடு இன்னொன்றும் இருந்தது, அதை அப்போது என்னிடமே நான் சொல்லிக்கொள்ளவில்லை. அது என் கூட்டம். என் துண்டறிக்கை. நான் பேசிக் கை தட்டல் வாங்கிய மேடை. அதைக் கெடுக்க ஒருவர் வந்துவிட்டாரே என்று எனக்கு எரிச்சல்.

டாக்டரிடம் திரும்பி, இவர் உங்களுக்கு நன்றி சொல்கிறார், உங்களுக்கே வாக்களிப்பாராம், வெற்றி பெற வாழ்த்துகிறார் என்று பிரெஞ்சில் சொன்னேன். டாக்டர் சிரித்துக்கொண்டே அவருக்கு ஏதோ அன்பாகப் பதில் சொன்னார். நான் யேசுதாசன் பக்கம் திரும்பினேன்.

"கண்டிப்பா எழுதித் தர்றேன்னு டாக்டர் சொல்றாருங்க. ஜெயிச்சாலும் தோத்தாலும்."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

உங்களில் யாராவது இப்போது, வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்காகப் பரிந்து பேச நினைக்கலாம். வேண்டாம். இந்தக் கேள்வியை நான் இங்கே மொழிபெயர்க்கப் போவதில்லை, கூட்டம் முடிந்ததும் நீங்கள் இருவரும் தனியே பேசுங்கள், நான் கூட நிற்கிறேன் என்று இரண்டு மொழியிலும் சொல்லியிருக்கலாம். அசிங்கமாக இருந்திருக்கும், ஆனால் இரண்டு பேருக்கும் உண்மை தெரிந்திருக்கும். அப்படி ஒரு வழி இருப்பதே எனக்கு அன்று தோன்றவில்லை. இரண்டு பக்கமும் பொய் சொல்வதுதான் சட்டென்று நாக்கில் வந்தது.

கூட்டம் முடிந்ததும் டாக்டரிடம் தனியே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவரைச் சுற்றி ஆட்கள், வடை, தேநீர், போட்டோ. செவ்வாய்க்கிழமை அவர் நோயாளிகளைப் பார்க்கும் அறையில் சொன்னேன், ஆனால் எப்படிச் சொன்னேன்? அவர் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தபோது, யேசுதாசனின் கடிதம் பாக்கி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். வழக்கு எந்த நாள் என்று சொல்லவில்லை. அதைச் சொன்னால் உங்களுக்கு எப்போது தெரியும், ஏன் முன்பே சொல்லவில்லை என்ற பேச்சு வரும். அவர் கையால், பிறகு பார்க்கலாம் என்று காட்டினார். நான் கடமை முடிந்தது என்று வந்துவிட்டேன்.

சனிக்கிழமை எங்கள் ஆட்கள் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். தலைமையாசிரியை வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். எங்கள் நாற்பது பேர் இல்லாவிட்டால் அவர்தான் ஜெயித்திருப்பார், வித்தியாசம் அவ்வளவு குறைவு. வெளியே வரும்போது அவர் என்னிடம், உங்கள் மக்களுக்கு என்மேல் ஏதாவது வருத்தமா என்று கேட்டார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். அதுவாவது உண்மை.

திங்கட்கிழமையிலிருந்து டாக்டர் பெரிய தேர்தல் வேலையில் இறங்கிவிட்டார். அவருடைய இடத்துக்கு வேறொரு மருத்துவர் வந்தார். அந்த அட்டை எந்த மேசை இழுப்பறையில் கிடந்ததோ. வழக்கு அன்று வேறு ஊரில் ஒரு குடும்பத்துக்கு மொழிபெயர்க்க நிலையம் என்னை அனுப்பியது, நான் மறுக்கவில்லை. யேசுதாசன் கடிதம் இல்லாமல் போனார். டாக்டர் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று அங்கே சொன்னாராம். சொன்னதை எல்லாம் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

பிராந்தியத் தேர்தலில் டாக்டர் ஜெயித்தார். சிவம் அண்ணை கடையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அதற்குச் சில நாள் கழித்து யேசுதாசன் ஒரு கடித உறையோடு நிலையத்துக்கு வந்தார். ஏற்கெனவே பிரித்திருந்தது. யாரோ படித்துச் சொல்லியிருக்க வேண்டும். இருந்தாலும் என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். முதல் வரியிலேயே நிராகரிப்பு. அதை வாசித்துத் தமிழில் சொன்னேன். இந்தத் தடவை ஒரு வார்த்தை குறைக்கவில்லை. டாக்டர் இப்படிக் கைவிட்டுவிட்டாரே என்று நான் ஆரம்பித்தேன். ஆமாம், அந்த நேரத்திலும் பழியை அவர் தலையில் போடத்தான் பார்த்தேன்.

"டொக்டரை நான் குறை சொல்லேல்லை அக்கா," என்றார். "நான் கேட்டதை நீங்கள் அவருக்குச் சொல்லேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அவர் சிரிச்சவர். நான் கேட்டது ஒரு மனிசன் சிரிக்கிற கேள்வியில்லை."

தெரிந்திருந்தும் அப்போதே ஏன் எழுந்து திரும்பக் கேட்கவில்லை, பிறகாவது ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். அவர்மேல் ஒரு குற்றம் கண்டுபிடித்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் போலிருந்தது.

"ஆரை வைச்சுக் கேக்கிறது?" என்றார். "உங்களை வைச்சுத்தானே கேக்கவேணும்."

கோபமாகச் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார். இந்தத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் நிற்பவருக்கு வேறு வாய் கிடையாது. நீங்கள் அவரை ஏமாற்றினால் அதைப் பற்றி முறையிடவும் அவர் உங்களிடமேதான் வர வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு குடும்பம் விலை கொடுத்தது. நான் கொடுக்கவில்லை.

அன்று மத்தியானமே டாக்டரைப் பார்க்கப் போனேன். அவருக்குப் புதிதாகக் கிடைத்த அலுவலகத்தில் பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தன. நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். யேசுதாசன் கேட்டது என்ன, நான் சொன்னது என்ன, இரண்டையும் பிரெஞ்சில் சொன்னேன். இப்போதாவது கடிதம் எழுதிக் கொடுத்தால் வழக்கைத் திரும்பத் திறக்கக் கேட்டுப் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். என்னைத் திட்டுவார், வெளியே போகச் சொல்வார் என்று தயாராகத்தான் போயிருந்தேன்.

அவர் திட்டவில்லை. அந்த மனிதருக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார், அதை நான் மறுக்க முடியாது. ஆனால் மன்ற உறுப்பினராகிவிட்ட பிறகு தான் அப்படி ஒரு கடிதம் எழுதினால் அரசியல் என்பார்கள், தனக்குப் பதிலாக வந்திருப்பவரிடம் அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். அந்தப் புது மருத்துவர் அட்டையைத் தேடி எடுத்து எழுதியும் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு பொண்டியில் யேசுதாசன் தங்கியிருந்த வீட்டுக்குப் போனபோது அவர் அங்கே இல்லை. ஜெர்மனிக்குப் போய்விட்டார் என்றார் ஒருவர். கனடா என்றார் இன்னொருவர். மனைவியும் பிள்ளைகளும் என்ன ஆனார்கள் என்று சொல்ல அந்த வீட்டில் யாருமில்லை.

ஆனால் அன்று அந்த அலுவலகத்தில் டாக்டர் என்னை வெறுங்கையோடு அனுப்பவில்லை. நான் எழுந்தபோது உட்காரச் சொன்னார்.

"நீங்கள் அன்று செய்ததுதான் சரி, மடாம்," என்றார். "செயலாளர் முன்னால் அந்தக் கேள்வி வந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். உங்களைப் போல நிதானம் உள்ளவர்கள்தான் இந்த வேலைக்குத் தேவை."

பிறகு, நீதிமன்றத்தின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளராக நான் ஏன் விண்ணப்பிக்கக் கூடாது என்று கேட்டார். தகுந்த ஒருவரின் பரிந்துரை இருந்தால் சுலபமாகக் கிடைக்குமாம். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து அப்போதே எழுத ஆரம்பித்தார். நம்பகமானவர், துல்லியமானவர், நெருக்கடியிலும் பதறாதவர் என்று அவர் எழுதுவதை எதிரே உட்கார்ந்து தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தேன். முழுக் கடிதமும் எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என் முழுப் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.